சம்பந்தி அனுப்பிய சிடி சம்பந்தமாக

உ

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
23.10.2007

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. தசரதன் அவர்களின் சமூகத்திற்கு, ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர் சகாதேவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் ராஜம்மாளும், இரண்டு முழங்கால் வலியும் ஒரு கடைவாய்ப் பல்லும் நீங்கலாக, அண்ணாமலையார் தயவில் சுகமாக இருக்கிறோம். குடியாத்தத்தில் தாங்களும், தங்கள் துணைவியாரும், தங்கள் அண்ணன் திரு. வேணு அவர்களும் மேற்படி வலிகள் எதுவும் இல்லாமல் அதே சுகத்துடன் இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். சென்னையில் மாப்பிள்ளை செழியனும் என் மகள் அன்புச்செல்வியும் நலமாக இருப்பதாக அவர்களே போனில் சொன்னார்கள். ஆகவே அதில் சந்தேகம் இல்லை.

தாங்கள் கூரியரில் அனுப்பிய கல்யாண சிடி சென்ற வாரம் திங்கட்கிழமை பகல் பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். உறைக்குள் தாங்கள் வைத்திருந்த துண்டுச்சீட்டையும் படித்தேன். "நீங்களே பாத்துக்குங்க" என்று இரண்டே வார்த்தை. முப்பத்தைந்து வருஷம் வருவாய்த் துறையில் கோப்பு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு சுருக்கமாகவும் இவ்வளவு காரமாகவும் ஒரு குறிப்பை நான் எந்த மேலதிகாரியிடமிருந்தும் பெற்றதில்லை.

விஷயம் நம் இருவருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் முன்கதையை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு மேலே போவது என் பழக்கம், பொறுத்துக்கொள்ளவும். வைகாசி மாதம், பௌர்ணமிக்கு முந்தின நாள், கிரிவலக் கூட்டம் ஊருக்குள் இறங்க ஆரம்பித்திருந்த நேரத்தில், பெரிய தெருச் சத்திரத்தில் நம் பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்குப் பெண் வீட்டார் மாலையும் பட்டுத் துண்டும் போட்டு மரியாதை செய்யும் கட்டம் வந்தது. முதல் மாலை தங்களுக்கு. அதில் தகராறு இல்லை. இரண்டாவது மாலை, தகப்பன் இல்லாத தங்களை வளர்த்து ஆளாக்கிய வேணு அண்ணன் அவர்களுக்கு. அதை நான் போடவே இல்லை என்பது தங்கள் கட்சி. போட்டேன் என்பது என் கட்சி. ஐந்து மாதமாக இரண்டு கட்சியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆடிக்கு அழைக்க வந்தபோது தங்கள் வீட்டில் எனக்குக் காபி வந்தது, பேச்சு வரவில்லை. இப்போது தலைதீபாவளி. நான் தவறை ஒப்புக்கொண்டால்தான் மாப்பிள்ளை திருவண்ணாமலைக்கு வருவார் என்று தாங்கள் சொல்லிவிட்டீர்கள். நடக்காத தவறை ஒப்புக்கொள்ள எந்த விதியில் இடமிருக்கிறது என்று நானும் கேட்டுவிட்டேன்.

என் தரப்பில் ஆதாரம் இல்லாமல் இல்லை. கல்யாண ஆல்பம் பதினான்காம் பக்கத்தில் நான் இரண்டாவது மாலையைப் போடும் படம் இருக்கிறது. அதில் என் முதுகு, என் இரு கைகள், மாலை மூன்றும் துல்லியமாக விழுந்திருக்கின்றன. மாலையை வாங்கிக்கொள்கிறவருடைய முகம் மட்டும் என் தோளுக்குப் பின்னால் போய்விட்டது. அது போட்டோக்காரர் நின்ற இடத்தின் குற்றம். மாலையைக் கையில் எடுத்த மனிதன் அதைக் காற்றுக்கா போட்டிருப்பான்?

ஆகவே தங்கள் சிடி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். உண்மை வெளியே வந்துவிடும் என்று அன்றைக்கே அதை லேப்டாப்பில் போட்டேன். லேப்டாப் அன்புச்செல்வி வேலைக்குப் போன காலத்தில் வாங்கியது. கல்யாணமாகிப் போகும்போது அப்பாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று விட்டுவிட்டுப் போனாள். பேட்டரி உயிரை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. சுவரில் செருகினால்தான் ஓடும். மற்றபடி நல்ல சாதனம். சிடியை உள்ளே தள்ளினேன். மாவு மிஷின்போல ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் சத்தம் அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மை கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால், வழக்கமாக அங்கே சி, டி, ஈ என்று மூன்று இருக்கும், அதில் ஈயைக் காணவில்லை. ஈ என்பதுதான் சிடி டிரைவ். பொத்தானை அமுக்கினேன், தட்டு வெளியே வரவில்லை. அதாவது தங்கள் சிடி உள்ளே இருக்கிறது, ஆனால் அது இருக்கிற அறையே இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. புறம்போக்கில் வீடு கட்டிக் குடியிருப்பவரைப் பட்டாவில் தேடிய கதையாக, கண்ணுக்கு எதிரே இருக்கிற ஒன்றைப் பதிவேட்டில் காணாமல் நான் திகைத்துப் போனேன்.

அன்புச்செல்விக்குப் போன் போட்டேன். அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னாள். மூன்று முறை அணைத்து மூன்று முறை போட்டேன். பிறகு டிவைஸ் மேனேஜர் என்ற ஒரு பட்டியலைத் திறக்கச் சொன்னாள். கம்ப்யூட்டரோடு சேர்ந்த அத்தனை உறுப்புகளின் பெயரும் அதில் இருக்குமாம். கீபோர்டு இருந்தது, மௌஸ் இருந்தது, நாங்கள் வாங்கவே வாங்காத ஏதோ மோடம்கூட இருந்தது. டிரைவ் இல்லை. மறுபடி தேடச் சொல்லி ஒரு பொத்தானைக் காட்டினாள். அது மணல் கடிகாரத்தைக் காட்டித் தேடிவிட்டு, எல்லாம் இருந்தபடியே இருக்கிறது என்று முடித்துக்கொண்டது. அப்போது அவள், அந்த சிடியை இவ்வளவு அவசரமாக எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். உன் அத்தைக்கு, அதாவது என் தங்கைக்கு, காட்டத்தான் என்றேன். உண்மையில் அவளுக்குக் காரணம் தெரியும் என்று எனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு அவள் வேறொன்று கேட்டாள்.

"அப்பா, தீபாவளிக்கு நான் மட்டும் வந்துட்டுப் போகட்டுங்களா?"

கணவன் இல்லாமல் தலைதீபாவளிக்கு வருவதாக ஒரு பெண் கேட்டால் எந்தத் தகப்பன் சரி என்பான்? அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. இதைத் தங்கள் மனம் இளகட்டும் என்பதற்காக எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை லேப்டாப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு தேரடித் தெருவில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் பாலாஜியிடம் போனேன். முப்பத்தைந்து வயது, பொறுமைசாலி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, ரெஜிஸ்ட்ரியில் கோளாறு இருக்கலாம் என்றார். பதிவேடு என்றதும் எனக்கு நம்பிக்கை வந்தது, நம் துறை ஆயிற்றே. ஆனால் அவர் என் கண்ணெதிரே அந்தப் பதிவேட்டைத் திறந்து, இரண்டு பதிவுகளை, ஒரு நோட்டீஸ் இல்லாமல், விசாரணை இல்லாமல், சம்பந்தப்பட்டவர்களுக்குத் தகவல்கூட இல்லாமல் நீக்கினார். நான் பதறிப் போனேன். இதிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். சரியாகவில்லை. பிறகு கம்ப்யூட்டர் கண்விழிக்கும்போதே ஒரு பொத்தானை அமுக்கி நீலத்திரை ஒன்றைத் திறந்து பார்த்தார். அங்கேயும் டிரைவ் இல்லை. "மதர்போர்டுக்கே இது இருக்கறது தெரியலீங்க" என்றார். தாய்க்கே தெரியாத பிள்ளையைப் பற்றி நான் மேற்கொண்டு என்ன கேட்பது?

சிடியையாவது வெளியே எடுக்க முடியுமா என்றேன். டிரைவின் முகப்பில் ஊசித் துளை ஒன்று இருப்பதை அன்றுதான் பார்த்தேன். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதில் விட்டார். தட்டு நாக்கை நீட்டுவதுபோல வெளியே வந்தது. சிடிக்குக் கீறல்கூட இல்லை. என் மெஷினிலேயே போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டார்.

சம்பந்தி அவர்களே, இந்த இடத்தில் நான் ஒரு முடிவெடுத்தேன். கடையில் அப்போது ஐந்து பேர் இருந்தார்கள். அதில் ஒருவர், இருபது வருஷம் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த தருமன். கல்யாண சிடி என்று காதில் விழுந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"போடுங்க, பாக்கலாம். அன்னிக்குப் பந்தியில எனக்கு வடை வரலைன்னு சொன்னேன், யாரும் நம்பல."

நம் இரு குடும்பத்து விவகாரத்தை வடை கேட்கிற மனிதர் முன்னால் ஓடவிடுவது தங்கள் அண்ணனுடைய கௌரவத்துக்கு ஏற்றதல்ல என்று நினைத்து, சிடியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கள் வேங்கிக்காலில் இப்போது வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் அத்தனை வீட்டுக்காரர்களும் கல்யாணத்துக்கு வந்தவர்கள். ஆகவே அங்கேயும் போகவில்லை. முழுக்க முழுக்க வேணு அண்ணன் கௌரவத்தை உத்தேசித்தே இப்படிச் செய்தேன். ராஜம்மாள் இதற்கு வேறொரு காரணம் சொல்கிறாள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

சனிக்கிழமை ஆயுத பூஜை. ராஜம்மாள் அரிவாள்மனை, ஸ்கூட்டர் சாவி, என் பழைய ரப்பர் ஸ்டாம்பு இவற்றோடு லேப்டாப்பையும் வைத்து, எந்த உறுப்பு வேலை செய்யவில்லையோ அதற்கு நேராகச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது என்பதால் எனக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை தொட்டேன். ஈ வரவில்லை.

நேற்று பாலாஜியே போன் செய்து, ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார், அவருடைய ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருந்தவர், தனக்குத் தெரியாததை அவரிடம்தான் கேட்பது வழக்கம், போய்ப் பாருங்கள் என்றார். அவர் இரண்டு வருஷமாக மௌன விரதம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார். நான் போய்க் கதவைத் தட்டி, வணக்கம் சொல்லி, ஆங்கிலத்தில் விவரமாக எடுத்துச் சொன்ன பிறகு, அவர் கும்பிட்டு உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். நான் சத்தமாகப் பேசுகிறேன் என்று நினைத்து மெதுவான குரலில் முழுவதையும் இன்னொரு தடவை சொன்னேன். பக்கத்து அறைப் பெண்மணி வந்துதான் விஷயத்தைப் புரியவைத்தார்.

ஆனால் அவருடைய கை பேசியது. லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியில் இருந்த ஒரே ஒரு திருகாணியைக் கழற்றி, மேசை இழுப்பறையை இழுப்பதுபோல டிரைவை முழுசாக வெளியே உருவி எடுத்தார். அதன் பின்புறம் இருந்த பித்தளைப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் துடைத்து, ஊதி, திரும்ப உள்ளே தள்ளினார். கம்ப்யூட்டரைப் போட்டதும் ஈ வந்துவிட்டது. சிடியைப் போட்டார். நம் சத்திரத்து வாசல் தெரிந்தது. நாதஸ்வரம் கேட்டது. சத்தம் கேட்டு அந்த வீட்டில் தங்கியிருந்த இன்னும் மூன்று வெளிநாட்டுக்காரர்கள் வந்து பாயை விரித்து உட்கார்ந்தார்கள். வாசலில் பன்னீர் தெளிக்கும் இடம் வந்தபோது கரண்ட் போய்விட்டது. பேட்டரி இல்லாத லேப்டாப் என்பதை முன்பே தெரிவித்திருக்கிறேன். திருகாணியைத் திரும்பப் போடலாம் என்று பார்த்தால், அது மேசையிலிருந்து உருண்டு எங்கேயோ போய்விட்டிருந்தது.

கரண்ட் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், மாலை விவகாரம் முழுவதையும் அவரிடம் ஒப்பித்தேன். ஐந்து மாதத்தில் குறுக்கே பேசாமல் என் தரப்பைக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். கேட்டு முடித்துவிட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினார். "போய் அந்தப் பெரியவரையே கேட்டால் என்ன?" என்று அதற்கு அர்த்தம். எங்கள் நாட்டில் அப்படி ஒரு வழக்கம் இல்லை என்று விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்தும் கரண்ட் வரவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, சுவரில் செருகிப் போட்டுப் பார்த்தால், வழியில் இருந்த அத்தனை மேடுபள்ளமும் சேர்ந்து ஈயைத் திரும்பக் கொண்டுபோய்விட்டன.

ஆகவே இன்றைய தேதி வரையில் அந்த சிடியை நான் பார்க்கவில்லை. முயற்சியில் குறை வைக்கவில்லை என்பதற்குத்தான் இவ்வளவு எழுதினேன். பார்க்காவிட்டாலும், பார்த்தால் என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியும். என் கையால் மாலை எடுத்தேன், என் கையால் போட்டேன், பட்டுத் துண்டைப் போர்த்தினேன். இதில் மறுபரிசீலனைக்கு இடமில்லை. இருப்பினும் பிள்ளைகளுடைய தலைதீபாவளியை முன்னிட்டு ஒரு சமரச யோசனை தெரிவிக்கிறேன். "மாலை போடவில்லை" என்பதைத் தாங்கள் "மாலை போட்டது எங்களால் கவனிக்கப்படவில்லை" என்று திருத்திக்கொண்டால், நானும் "வருத்தம்" என்ற சொல்லை, யாருக்கு, எதற்கு என்று குறிப்பிடாமல், ஒரு முறை பயன்படுத்தத் தயாராக இருக்கிறேன். இதைவிடக் கீழே இறங்க என்னால் ஆகாது.

தங்கள் வீட்டில் எல்லாருக்கும் நீண்ட ஆயுளையும், நிறைந்த செல்வத்தையும், நல்ல ஞாபகசக்தியையும் அண்ணாமலையார் அருளட்டும். தங்கள் துணைவியாருக்கு எங்கள் வணக்கம். வேணு அண்ணன் அவர்களுக்கும் வணக்கம், அவர் ஏற்றுக்கொள்வதாக இருந்தால்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
சகாதேவன்

பி.கு.: மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டுவிட்டுப் பசையைத் தேடிக்கொண்டிருந்தபோது ராஜம்மாள் கூப்பிட்டாள். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், லேப்டாப்பின் ஓரத்தில் டிரைவ் ஒரு நூல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறாள். திருகாணி இல்லாததால் ஆட்டோவில் நழுவியிருக்கிறது. சம்படத்து மூடியை அழுத்துவதுபோல உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினாளாம். அணைத்துப் போட்டதும் ஈ வந்துவிட்டது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம்.

தங்களுக்கு மாலை போடுகிறேன். அடுத்த மாலையைக் கையில் எடுக்கிறேன். தூண் ஓரமாக வேணு அண்ணன் நிற்கிறார். தோளில் இருந்த துண்டை எடுத்துவிட்டு, மாலை வாங்கக் கழுத்தைக் குனித்திருக்கிறார். நான் அவரைப் பார்த்து நன்றாகச் சிரிக்கிறேன். சிரித்துவிட்டு அவரைத் தாண்டிப் போய், பக்கத்தில் நின்ற இன்னொருவருக்குப் போடுகிறேன். ஆள் தடித்தவர், நெற்றி நிறைய விபூதி, தோளில் துணிப்பை. பட்டுத் துண்டையும் அவருக்கே போர்த்துகிறேன். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ உருக்கமாக வேறு பேசுகிறேன். வேணு அண்ணனை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன் என்பது ஒரு சமாதானம்தான், ஆனால் அதை இனிமேல் சொல்லப் போவதில்லை.

அந்த மனிதர் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. தங்கள் பக்கத்து ஆளும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். எங்கள் பெரியவர் யாரோ என்று தாங்கள் நினைத்திருப்பீர்கள். கிரிவலத்துக்கு வந்தவர், சாப்பாட்டு வேளையில் சத்திரத்துக்குள் நுழைந்திருக்கிறார். மாலையோடு முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டு தரம் பாயசம் வாங்குகிறார். போகும்போது என்னை ஆசீர்வதிக்கிறார். நான் குனிந்து வாங்கிக்கொள்கிறேன். மாலை போடும் இடத்தில் ராஜம்மாள் என் சட்டையைப் பிடித்து இழுப்பதும் தெரிகிறது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் எனக்குத் தெரியும்னீங்க."

இதெல்லாம் போகட்டும். குனிந்த கழுத்தை வேணு அண்ணன் மெதுவாக நிமிர்த்துகிறார். துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொள்கிறார். அந்த ஆளுக்கு மாலை பின்கழுத்தில் மாட்டிக்கொண்டு சரியாக விழவில்லை. அண்ணன்தான் கையைக் கொடுத்து அதை எடுத்துவிடுகிறார், சிரித்துக்கொண்டே. அந்த இடத்தை நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். ஐந்தாவது முறை ராஜம்மாள் அணைத்துவிட்டாள்.

ஆகவே இந்தப் பின்குறிப்புக்கு மேலே கண்ட ஆறு பக்கங்களும் இதனால் ரத்து செய்யப்படுகின்றன. கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். ராஜம்மாள் விடவில்லை. பெண் கொடுத்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று அவர்களுக்கும் தெரியட்டும், அப்படியே அனுப்புங்கள் என்கிறாள். கூரியரில் அனுப்புகிறேன், நாளை கிடைத்துவிடும். அன்புச்செல்விக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்க ஆரம்பித்து, நடுவில் அது அழுகையாகி, திரும்பச் சிரிப்பில் முடிந்தது. வெள்ளிக்கிழமை பௌர்ணமி, பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் நாளை மறுநாள் வியாழக்கிழமையே, காலை முதல் பஸ்ஸில், மாலையும் பட்டுத் துண்டும் எடுத்துக்கொண்டு நானும் ராஜம்மாளும் குடியாத்தம் வருகிறோம். தலைதீபாவளிக்கு வேணு அண்ணனையும் சேர்த்து அழைக்க வேண்டும். தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நான் மாலை போடும்போது அண்ணன் தனியாக நிற்கட்டும். அவர் பக்கத்தில் தயவுசெய்து யாரையும் நிறுத்த வேண்டாம்.